அப்பா போனபின் பதினான்கு மாதங்கள்

2024 மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலையில் என் அப்பா காரைக்குடி வீட்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 68. முந்தின நாள் மாலைவரை பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் ஓட்டுக்கூரையைப் பிரித்து மாட்டும் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் டி.வி.எஸ். வண்டியில் திரும்பியிருக்கிறார். இரவு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மறுநாள் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை எண்ணி உறையில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது அந்த உறை அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் கொத்தனார் பெயரும் 7,400 என்ற எண்ணும் அவர் கையெழுத்தில் இருந்தன. அன்று அழ முடியாமல் நின்ற நான், அந்த உறையைப் பார்த்துத்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த பதினான்கு மாதங்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். பத்து நாள் விடுப்பு முடிந்து திரும்பிவிட்டான். அம்மா ஆறு மாதத்துக்கு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வங்கி, வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் போனேன். காரைக்குடிக்கு மட்டும் 23 முறை பயணம். கையிலிருந்து செலவானது 73,000 ரூபாய்: பயணத்துக்கு 31,000, வழக்கறிஞருக்கு 18,000, பிரமாணப் பத்திரம், அதிகாரப் பத்திரம் போன்றவற்றுக்கு 9,500, ஒரு தரகரிடம் ஏமாந்தது 8,000, லாக்கரை உடைத்துத் திறக்க 6,500. அப்பாவுக்கு வர வேண்டியிருந்து வராமலே போன 1,85,000 ரூபாய் தனி. இவற்றில் பாதியையாவது தவிர்த்திருக்கலாம். யாராவது முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் தவிர்த்திருப்பேன்.

அப்பா எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா கல்லல் பக்கத்தில் மானாவாரி விவசாயி. வள்ளல் அழகப்பர் 1952-இல் காரைக்குடியில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கியிராவிட்டால், எங்கள் குடும்பத்தில் ஒருவர் பொறியாளர் ஆகியிருக்க வழியே இல்லை. 1972-இல் சேர்ந்து 1977-இல் சிவில் படித்து முடித்தார். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அவர் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்து, ஒரு வரைமேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டு உட்கார்ந்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கடந்து போகும்போதெல்லாம், அதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததை எங்களிடம் சொல்வார். எத்தனையோ முறை கேட்ட கதை என்று நாங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். ஆனால் அவர் ஊரை விட்டுப் போகாததற்கு அந்தக் கதைதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஊர் தன்னைப் படிக்க வைத்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

அவர் கட்டிய புது வீடுகள் ஐம்பது, அறுபது இருக்கும். ஆனால் அவர் மனம் இருந்தது பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பதில். முன்பக்கம் முகப்பு, நடு முற்றத்தைச் சுற்றி வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் செட்டிநாட்டு வீடுகள். கூரை உள்பக்கம் சரிந்து, மழை முழுவதும் முற்றத்தில் இறங்கும். இரண்டு கூரைகள் சேரும் மூலையில் தகரம் ஓட்டையானால் கீழே உள்ள பர்மாத் தேக்கு உத்தரம் பத்து வருடத்தில் பொடியாகிவிடும். அந்த மூலையைத்தான் முதலில் பார்ப்பார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசச் சொன்னால் வேலையையே விட்டுவிட்டு வந்துவிடுவார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளே பூட்டிவிடும். பிறகு சுவர் உப்புப் பூத்து உதிரும் என்பார். கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, கூழாங்கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவது ஆகிய எல்லாவற்றையும் கல்லூரியில் படிக்கவில்லை. வயதான கொத்தனார்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அந்த வீடுகளைப் பற்றி அவர் அடிக்கடி சொன்ன ஒன்று உண்டு: "மழையில் இடிந்த வீட்டைவிடக் கையெழுத்துக்குக் காத்திருந்து இடிந்த வீடுதான் அதிகம்." ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது பங்காளிகள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் கோவையில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. ஓடு மாற்ற எல்லோரும் ஒப்புக்கொள்வதற்குள் உத்தரம் விழுந்துவிடும். பிறகு தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கும். அந்தத் தெருவில் தனக்குத் தெரிந்த வீட்டின் நிலைக்கதவை அடையாளம் கண்டுவிட்டால் அன்று வீட்டில் அதிகம் பேசமாட்டார். இவ்வளவு தெரிந்தவர் தனக்கென்று ஓர் உயில் எழுதவில்லை. நாமினியைச் சரிபார்க்கவில்லை. எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று அம்மாவிடமோ என்னிடமோ சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. செத்துப்போன அப்பாமேல் கோபம் வருகிறதே என்ற குற்ற உணர்வும் கூடவே வந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கோபம் வரும், வந்தால் நீங்கள் கெட்ட பிள்ளை இல்லை.

இறப்புச் சான்றிதழில்தான் முதல் தவறு செய்தேன். வீட்டில் நேர்ந்த இறப்பு என்பதால் நாம்தான் பதிவு செய்ய வேண்டும். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. மூன்றாம் நாளே அப்போது நகராட்சியாக இருந்த அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் அப்பாவின் பெயரை நாங்கள் வழக்கமாக எழுதுவது போலத் தமிழ் முன்னெழுத்தோடு எழுதிக் கொடுத்தேன். அவருடைய ஆதாரில் ஆங்கில முன்னெழுத்து. பான் அட்டையில் தாத்தா பெயர் முழுதாக விரிந்திருந்தது. வீட்டுப் பத்திரத்தில் பெயருக்கு நடுவே ஒற்றெழுத்து ஒன்று கூடுதல். ஆக, காகிதத்தில் நான்கு மனிதர்கள். அடுத்த பதினான்கு மாதங்களில் எங்கே போனாலும் "இவர்கள் எல்லோரும் ஒருவரே" என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. படிவத்தை நிரப்புவதற்கு முன் ஆதாரையும் பான் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். அந்தத் துக்கத்தில் கண் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே எல்லா அட்டைகளிலும் பெயரை ஒன்றாக்கிவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது தவறு ஏ.டி.எம். அட்டை. முதல் வாரத்தில் காரியச் செலவுக்கு அப்பாவின் அட்டையால் 40,000 ரூபாய் எடுத்தோம். எண் அம்மாவுக்குத் தெரியும். உறவினர்கள் எல்லோரும் "முதலில் எடுத்துவிடுங்கள், பிறகு முடக்கிவிடுவார்கள்" என்றார்கள். இறந்தவர் கணக்கிலிருந்து அப்படி எடுப்பது, குடும்பத்தாரே ஆனாலும், சரியில்லை. மூன்று மாதம் கழித்து வங்கியில் இறப்புத் தேதிக்குப் பிந்தைய அந்த நான்கு பற்றுகளையும் வட்டமிட்டுக் காட்டியபோது வியர்த்துவிட்டது. எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு விளக்கக் கடிதம் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அவசரத்துக்கு வேண்டும் என்றால் உறவில் கைமாற்று வாங்குங்கள்.

மூன்றாவது, அவருடைய கைபேசி எண். மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் எண்தான். அம்மா அந்த மணியோசையைத் தாங்க முடியாமல் அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார், நானும் விட்டுவிட்டேன். ஐந்தாம் மாதம் வருமான வரித் தளத்துக்குள் போக வேண்டியிருந்தபோது ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) அந்தக் கைபேசிக்குத்தான் போகும் என்றது. எண் அதற்குள் செயலிழந்துவிட்டது. இறந்தவருடைய கடைசி ஆண்டு வருமானத்துக்கு வாரிசு ஒருவர் தன்னைச் சட்டப் பிரதிநிதியாகப் பதிந்து கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அப்பாவுக்குப் பிடித்தம் செய்த வரியைத் திரும்பப் பெற அது ஒன்றே வழி. எண் இருந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும் வேலை ஏழு வாரம் இழுத்தது. எல்லாம் முடியும்வரை அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அதில் அவருடைய குரல்பதிவுகள் இருக்கின்றன என்பதற்காகவும்.

வாரிசுச் சான்றிதழில்தான் தரகர் வந்தார். வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்றிருந்தவர், "அம்மா, இது மூன்று மாதம் ஆகும், நான் பத்து நாளில் வாங்கித் தருகிறேன்" என்றார். சென்னைக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில் 8,000 கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அவர் கைபேசி அணைந்துவிட்டது. பிறகு நானே இ-சேவை மையத்துக்குப் போனேன். கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியருக்குப் போகிறது. முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம் தரகர் இல்லை, அலுவலகமும் இல்லை, நான்தான். வாரிசுகள் என்று அம்மா, நான், தம்பி மூவரை மட்டும் எழுதியிருந்தேன். அப்பத்தா உயிரோடு இருக்கிறார் என்பதை விசாரிக்க வந்த அலுவலர் எடுத்துச் சொன்னார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் சமமாக உண்டு. நிறையப் பேருக்கு இது தெரியவில்லை என்பதைப் பிறகு நான் விசாரித்தபோது கண்டேன். மகனை இழந்த தாயைக் குடும்பம் மறந்தாலும் சட்டம் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்பத்தாவுக்கு அப்போது 88 வயது. கல்லல் பக்கத்து வீட்டில் அத்தையோடு இருக்கிறார். மகன் இறந்த காகிதத்தில் தாயிடம் கைநாட்டு வாங்க வேண்டும். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்ததும் எதுவும் வரவில்லை. அவரே காகிதத்தை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவன் எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறான்?" என்று கேட்டார். அவர் இல்லாததால்தான் இந்தக் காகிதம் என்று அத்தை மெல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கே வைக்க வேண்டும் என்று காட்டு, ஆத்தா" என்று கட்டைவிரலை நீட்டினார். நான் மையைத் தடவினேன்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. சொல்லக் கூசினாலும் சொல்கிறேன். தாய்க்கு வரும் பங்கு, அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அப்படி ஒரு தலைமுறை தாண்டினால் வீட்டில் பங்காளிகள் பெருகிவிடுவார்கள். அப்பா சொன்ன கதைதான். அந்தத் தாய் நினைவோடு இருக்கும்போதே பேசி முடிப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் விவரம் சொல்லாமல் முதியவரிடம் கைநாட்டு வாங்குவது திருட்டு. நாங்கள் அத்தையையும் வைத்துக்கொண்டு, வீட்டின் மதிப்பையும் வங்கியில் உள்ள தொகையையும் அப்பத்தாவிடம் சொன்னோம். அம்மாதான் கண்டிப்பாக இருந்தார்: அப்பத்தாவின் பங்குப் பணத்தை அப்பத்தா பெயரிலேயே போட வேண்டும் என்று. அப்பத்தா பணத்தை ஏற்றுக்கொண்டு வீட்டுப் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அத்தைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இன்றும் நன்றாக இருக்கிறது.

தன் சார்பில் நான் கையெழுத்திடத் தம்பி கொடுத்த அதிகாரப் பத்திரத்தைப் பற்றி ஒரு வரி. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். எங்களுடைய முதல் பத்திரம் என் மேசையில் நான்கு மாதம் கிடந்து வீணாயிற்று.

வங்கிகளில் ஒன்று எளிதாக முடிந்தது. அம்மா நாமினியாக இருந்த கணக்கு. ஒன்பது நாளில் பணம் வந்துவிட்டது. இன்னொன்று அப்பா திருமணத்துக்கு முன்பு தொடங்கியது. அதில் நாமினி தாத்தா. தாத்தா 1998-இல் இறந்துவிட்டார்! இருபத்தாறு வருடமாக அந்தப் பெயர் அப்படியே இருந்திருக்கிறது. நாமினி உயிரோடு இல்லை என்றால் நாமினி இல்லாத கணக்குத்தான்: வாரிசுச் சான்றிதழ், பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் நாங்களே ஈடுசெய்வோம் என்ற இழப்பீட்டு உறுதிப் பத்திரம், பிணையாள், எல்லா வாரிசுகளின் கையெழுத்து. கிளையில் ஒவ்வொரு முறை போகும்போதும் புதிதாக ஒரு காகிதம் கேட்டார்கள். "வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா?" என்றும் ஒருவர் கேட்டார். எனக்கு 39 வயது. பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். அன்று கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து, முழுப் பட்டியலையும் எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கொடுத்த ஆவணங்களின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கினால்தான் அந்த 15 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். நானும் முத்திரை வாங்கினேன்; பதினேழாம் நாள் பணம் வந்தது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டியவர்தான், உரிமையாளர் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரியாமல் அண்ணன் தம்பிகள் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம். இன்று மாலையே உங்கள் பெற்றோரின் கணக்குப் புத்தகங்களை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

லாக்கர் அப்பா பெயரில் மட்டும் இருந்தது. சாவி எங்கே என்று தெரியவில்லை. சாட்சிகள் முன்னிலையில் உடைத்துப் பட்டியல் எடுத்தார்கள். வீட்டு மூலப்பத்திரமும் அம்மாவின் காசுமாலையும் இருந்தன. இரண்டு மாதம் கழித்து, அப்பா மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைக்கும் மரப்பெட்டியின் அடியில் சாவி கிடைத்தது. வேறு எந்த வங்கியிலாவது பழைய பணம் கிடக்கிறதா என்று பார்க்க ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடினேன். பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்த வைப்புகள் அதில் தெரியும். அப்பா எப்போதோ மறந்துவிட்ட ஒரு கணக்கில் 14,700 ரூபாய் இருந்தது.

வீடுதான் அதிகம் படுத்தியது. பட்டா மாற்றத்துக்கு முன், சொத்தின்மேல் அடமானம் ஏதும் பதிவாகி இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தால், 2013-இல் மாடி கட்ட வாங்கிய கடனுக்கான அடமானம் இன்னும் நிற்கிறது. கடனை 2020-லேயே அடைத்துவிட்டார். பத்திரத்தையும் திரும்ப வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார். ஆனால் கடன் தீர்ந்தது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதியவில்லை. வங்கி அலுவலர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தக் கிளையே அதற்குள் வேறொரு கிளையோடு சேர்ந்துவிட்டது. பழைய கோப்பைத் தேட மூன்று மாதம், அலுவலர் வர இரண்டு மாதம். கடன் முடிந்ததும் பத்திரத்தை வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள்; ரசீது பதிந்து, ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்த பிறகுதான் கடன் முடிந்தது என்று நினையுங்கள்.

வர வேண்டிய பணத்துக்கு அப்பாவின் சிறு நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே ஆதாரம். பத்தொன்பது பேர் பெயர் இருந்தது. பெரும்பாலோர் கேட்காமலே வந்து கொடுத்தார்கள். பள்ளத்தூர் வீட்டு ஆச்சி துக்கம் கேட்க வந்தபோது, ஒரு மஞ்சள் பையில் 62,000 ரூபாயைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்துவிட்டு, "எண்ணிப் பாருங்கள், அவர் எழுதியது இதற்குமேல் இருந்தால் சொல்லுங்கள்" என்றார். ஒருவர் மட்டும் 1,85,000 பாக்கியே இல்லை என்றார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, பில் இல்லை. அப்பா வாய்வார்த்தையில் வேலை செய்தவர். வழக்கறிஞர் கடிதம் அனுப்பிப் பார்த்தோம். கடைசியில் விட்டுவிட்டோம். சொந்தமாகத் தொழில் செய்யும் அப்பா உள்ளவர்கள், யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதை மாதம் ஒரு முறை அவரையே கைபேசியில் செய்தியாக அந்த வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதில் வந்தால் அதுவே சான்று. அதே போல் அவர் கொடுக்க வேண்டியதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சிமெண்டுக் கடைக்கும் ஓட்டுக்காரருக்கும் இருந்த பாக்கியை நாங்கள் முதல் மாதமே அடைத்தோம். அதில்தான் அம்மா முதன்முறையாகத் தெளிந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

நான் இழந்ததில் பெரியது பணமே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம். கம்பன் விழா அழைப்பிதழ் அப்பா பெயருக்குத் தபாலில் வந்திருந்தது. பங்குனியில் எங்களைத் தவறாமல் அழைத்துப் போவார். அதைப் பார்த்தபிறகு அந்த அலுவலக அறைக்குள் இருக்க முடியவில்லை. வாடகை அறையைக் காலி செய்துவிடுவோம் என்று, சுருட்டி வைத்திருந்த வரைபடங்கள், டிரேசிங் தாள்கள், நாற்பத்தைந்து வருட மதிப்பீடுகள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டேன். 340 ரூபாய் கொடுத்தார்கள். பத்தாம் மாதம் கோட்டையூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர்கள் வீட்டின் இரண்டாங்கட்டைப் பழுதுபார்க்க வேண்டும், அப்பா 1994-இல் வீடு முழுக்க அளந்து படம் போட்டு வைத்திருந்தார், அது இருக்குமா என்று கேட்டார். நான் அன்றே கடைக்கு ஓடினேன். பத்து மாதத்துக் காகிதம் எங்கே இருக்கும்? சில வீடுகள் இன்று இல்லை. அவற்றுக்கு இருந்த ஒரே அளவு அப்பாவின் படத்தில் இருந்தது. அதை நான் எடை போட்டு விற்றேன். ஒரு வருடத்துக்கு எதையும் வெளியே போடாதீர்கள். இடம் இல்லை என்றால் பெட்டியில் கட்டிப் பரண்மேல் ஏற்றுங்கள். துக்கத்தில் இருக்கும் கைக்கு எது குப்பை என்று தெரியாது.

மீந்தது அந்தச் சிறு நோட்டுப் புத்தகங்கள் மட்டும். வீட்டு மேசை இழுப்பறையில் இருந்ததால் தப்பின. அவற்றை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கொத்தனாரைப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். முதல் முறை போனபோது அந்த 7,400 ரூபாய் உறையைக் கொடுத்தேன். அவர் பணத்தை எடுத்துக்கொண்டு உறையைத் திருப்பித் தந்தார். இப்போது அவர் சொல்வதை எல்லாம் கைபேசியில் பதிந்து வைக்கிறேன்: சுண்ணாம்பை எத்தனை நாள் புளிக்க வைப்பது, எந்தப் பதத்தில் மெருகுக்கல்லை எடுப்பது, எந்த வேலையில் அப்பா யாரைத் திட்டினார், யார் மகள் கல்யாணத்துக்குக் கூலியை முன்கூட்டியே கொடுத்தார். அப்பாவிடமே இதைக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போனபோதும் இரவு எட்டரை மணிக்கு அவர் சும்மா முன்வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

2025 மே மாதம் பட்டா எங்கள் பெயருக்கு மாறியது. அதை வாங்கிய அன்றே பள்ளத்தூர் ஆச்சி ஆள் அனுப்பியிருந்தார். அப்பா இறந்ததோடு நின்ற வேலையைக் கொத்தனாரே பொறுப்பெடுத்து முடித்துக்கொண்டிருந்தார். வளவில் ஒரு சுவர் மட்டும் பூசாமல் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், அப்பா மட்டம் எடுத்து பென்சிலால் போட்ட கோடு, அதன்மேல் 3 அடி 6 அங்குலம் என்று அளவு, கீழே அவர் வழக்கமாகப் போடும் சிறிய அம்புக்குறி. கடைசி நாள் போட்டது. "இதன்மேல் பூச எனக்குக் கை வரவில்லை" என்றார் கொத்தனார். ஆச்சியும், "இருக்கட்டும் என்றால் இப்படியே விட்டுவிடலாம்" என்றார். சுவரின் அடிப்பகுதி ஏற்கெனவே லேசாக உப்புப் பூக்கத் தொடங்கியிருந்தது. நான் அந்தக் கோட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு பூசிவிடச் சொன்னேன். கொத்தனார் அந்தக் கோட்டுக்கே மட்டம் பிடித்து, முதல் கரண்டிச் சுண்ணாம்பை அங்கேயே அப்பினார்.